இழுக்கும் பக்கம்

மலை மேல் மேகம் இல்லை. குணசீலன் மறுபடியும் போனை எடுத்துப் பார்த்தார். மதியம் பார்த்த அதே படம், அதே மஞ்சள் வட்டம். ஹஜர் மலைத்தொடர் முழுக்க நாளைக்கு வெயில். காற்றுகூடச் சொல்லும்படி இல்லை. வாதிக்குள் கயிறு கட்டி இறங்குகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. வாதி என்றால் மழை பெய்தால் மட்டும் ஆறாகிற பள்ளம், மற்ற நாளெல்லாம் காய்ந்த கல். எங்கோ கண்ணுக்கு எட்டாத சிகரத்தில் ஒரு மேகம் உடைந்தால் போதும், பளிச்சென்ற நீல வானத்துக்குக் கீழேயே தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து வரும். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் மேகம் பார்ப்பது அவருக்குப் பழக்கம். மஸ்கட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதில் பாதி வருஷங்களாக இந்தப் பழக்கம். மேகம் இருந்துவிடக் கூடாதே என்றுதான் பார்ப்பார். இன்றைக்கு அப்படிப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் அவருக்கே உறைத்தது. இருந்தால் தேவலை என்று பார்த்திருக்கிறார். ஒரு துண்டு மேகம் இருந்தால் கூட வருகிற மன்சூருக்குப் போன் போட்டு, மேல கறுத்துக் கெடக்குப்பா, இன்னொரு வெள்ளிக்கிழமை பாத்துக்கிடலாம் என்று சொல்லிவிடலாம். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மழையின் மேல் போட்ட பழியை மழை வந்து மறுக்கவா போகிறது. ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதன் பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு மழைக்காகக் காத்திருக்கிறான், அதுவும் நனைவதற்காக இல்லை, ஒளிந்துகொள்வதற்காக. இதை யோசித்தபோது வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வெட்கம் வர வேண்டிய இடத்தில் வெயில் காய்கிற தரை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது, அவ்வளவுதான். போனைக் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நிமிர்த்தினார்.

மேஜையில் போன மாதத்துக் காலண்டர் தாள் பின்பக்கமாக விரிந்து கிடந்தது. அதில் வாதி ஸுமைரை வரைந்திருந்தார். மேலே கார் நிறுத்துகிற மேடு, அங்கிருந்து நடை, பிறகு மலை இரண்டாகப் பிளந்த மாதிரி அந்த வாய். உள்ளே போனால் இரண்டு கைகளையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். நாலு இறக்கம். ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் ஒரு குளம். எந்தக் காலத்து மழையோ, வெயில் படாமல் அங்கேயே கிடக்கிற பச்சைத் தண்ணீர். கயிறு, தண்ணீர், பேரீச்சம்பழம், முதலுதவிப் பை, நனையாத உறை. யார் முதலில், யார் நடுவில், யார் கடைசி. முதலில் மன்சூர். நடுவில் தேன்மொழி, இந்தியப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கல்குவாரிச் சுவரில் பழகியவள், நிஜ வாதிக்குள் இதுதான் முதல் தடவை. கடைசியில் இவர். எப்போதும் கடைசியில் இவர்தான். கடைசி ஆளுக்குத்தான் வேலை அதிகம். மேலே நின்று ஒவ்வொருவருடைய கொக்கியையும் பார்த்து, சரி இறங்கு என்று சொல்ல வேண்டும். எல்லோரும் போன பிறகு தன்னுடையதைத் தானே பார்த்துக்கொண்டு இறங்க வேண்டும். கீழே வந்ததும் கயிற்றை இழுத்து உருவிக்கொள்ள வேண்டும், அடுத்த இறக்கத்துக்கு வேண்டுமே. உருவிவிட்டால் தீர்ந்தது. அப்புறம் மேலே ஏற வழி கிடையாது. கீழே போவது ஒன்றுதான் பாக்கி. முதல் முதல் தடவை, மன்சூர் கயிற்றை இழுத்து, அது பாறையில் உரசிக்கொண்டு மேலிருந்து பாம்பு மாதிரி விழுந்து தண்ணீரில் படார் என்று அடித்தபோது இவர் ஒரு அடி பின்னால் துள்ளினார். அந்தப் பயம் எவ்வளவு நன்றாக இருந்தது. இப்போதும் கயிறு விழுகிறது, சத்தம் கேட்கிறது. சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

மூன்றாவது இறக்கத்தின் மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார். வட்டத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில் தாள் அந்த இடத்தில் பளபளத்தது. அங்கேதான் வாதி வளைகிறது, வெளிச்சம் வராது. பாறையில் அடித்த இரும்பு வளையம் முதுகுக்குப் பின்னால் ஒரு இடுக்கில் இருக்கும். தலையைத் திருப்பிப் பார்க்க இடமில்லை. கயிறு அந்த வளையத்துக்குள் போய் வந்து இரண்டு புரியாகத் தொங்கும். ஒரு புரியில் வளையத்தை ஒட்டிப் பெரிய முடிச்சு போட்டிருக்கும். மற்றதில் நம்முடைய கனத்தை ஏற்றினால் முடிச்சு வளையத்தில் போய் அடைத்துக்கொண்டு நிற்கும். அது இறங்கும் பக்கம். முடிச்சு இருக்கிற புரி இழுக்கும் பக்கம். கீழே போன பிறகு இழுத்து உருவுவதற்கு. மறந்தும் அதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கயிறு வளையத்துக்குள் சுளுவாக ஓடும், ஆளும் கூடவே ஓடுவான். மற்ற இறக்கங்களில் பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டே ஒரு தடவை கயிற்றில் உட்கார்ந்து சோதித்துக்கொள்ளலாம். மூன்றாவதில் வார் எட்டாது. அதைக் கழற்றிவிட்டு ஒரு அடி கீழே இறங்கினால்தான் கயிற்றில் கனம் ஏறும். கீழே ஐந்து மாடி ஆழம். இந்த இறக்கத்துக்காகவே குணசீலன் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மத்ரா மீன் சந்தையில் வாங்கிய வலை நூலை இழுக்கும் பக்கத்தில், வளையத்துக்கு ஒரு சாண் கீழே, நெருக்கமாகச் சுற்றி மெழுகு தேய்த்துவிடுவார். பார்க்காமலே கையைப் பின்னால் விட்டுத் தடவினால் போதும். சொரசொரப்பு இருந்தால் இழுக்கும் பக்கம். வழவழப்பு என்றால் இறங்கலாம். மன்சூர் இதைப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி, இதுக்கு ஒரு பேட்டன்ட் எடுத்துருங்க, என்றான். அன்றைக்கு அவருடைய விரல்கள் நன்றாக இருந்தன.

போன் முணங்கியது. தேன்மொழி பேசி அனுப்பியிருந்தாள். கோபிச்செட்டிபாளையத்துக் குரல் அறை முழுக்கப் பரவியது. "வணக்கங்க சார். சாக்ஸ் ரெண்டு ஜோடி எடுத்து வெச்சிருக்கறேன், போதுங்களா? எங்க வீட்டுக்காரரு கேக்கறாரு, கயித்துல தொங்கறதுக்கு எதுக்கு அத்தன தூரம் போகோணும், நம்ம பால்கனி பத்தாதான்னு. அவுரு கெடக்கறாருங்க. அப்பறம் சார், மேல கடைசி ஆளா நீங்கதான் நிப்பீங்கன்னு மன்சூர் சார் சொன்னாருங்க. அதக் கேட்டதுமே பாதி பயம் போயிருச்சு. மீதிப் பாதிக்கு இஞ்சி முட்டாய் எடுத்துட்டு வர்றேனுங்க." சிரிப்போடு முடிந்தது. அவர் இன்னொரு முறை கேட்டார். பாதி பயம் போயிருச்சு. அவளுடைய பாதி பயத்தை எடுத்து வைத்துக்கொண்டிருப்பது இவர். மூன்றாவது இறக்கத்தில் அவள் எந்தப் புரியில் மாட்டியிருக்கிறாள் என்று அவள் தோளுக்கு மேல் கையை விட்டுத் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டியது இவருடைய விரல்கள். சாக்ஸ் போதும் என்று எழுதி அனுப்பினார். எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். கண் நன்றாக இருக்கிறது. கண்ணை வைத்துக்கொண்டுதான் இந்த ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறார். சட்டைப் பொத்தானைப் பார்த்துப் போடுகிறார். சாவியைப் பார்த்துத் தேடுகிறார். உப்பு நீக்கும் ஆலையில், முன்பெல்லாம் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்த மாத்திரத்தில் உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார், இப்போது மீட்டரைப் பார்த்துச் சொல்கிறார். மீட்டர்தான் சரியான முறை என்று நாலு பேருக்கு உபதேசமும் செய்கிறார். சோற்றைப் பிசையும்போது மட்டும் பார்த்து ஒன்றும் ஆகவில்லை. யாருடைய கையோ யாருடைய சோற்றையோ பிசைகிற மாதிரி இருக்கும்.

எப்போது தொடங்கியது? அதைச் சரியாகப் பிடிக்க முடிந்தால் மற்றதெல்லாம் வரிசைக்கு வந்துவிடும் என்று அவருக்கு ஒரு எண்ணம். கிளினிக்கில் அந்த டாக்டர் மெல்லிய நைலான் இழையால் விரல் நுனியைத் தொட்டு, தெரியுதா என்று கேட்டபோது தெரியுது என்றார். இழை படுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னார். டாக்டர், கண்ணை மூடிக்குங்க, என்றார். மூடிக்கொண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, தெரியுது என்றார். கண்ணைத் திறந்தபோது டாக்டர் இழையை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்; எப்போது போட ஆரம்பித்தார் என்று தெரியவில்லை. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள், சூடான பாத்திரம் எடுக்கும்போது கவனம், என்று மட்டும் சொன்னார். அப்படியானால் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அண்ணன் இறந்தபோது இருந்ததா? சொந்த ஊர் நாசரேத்தில் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பெரியண்ணன் தேவசகாயத்தைக் கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். விமானம் பிடித்து, திருவனந்தபுரத்திலிருந்து கார் பிடித்து, போய் நின்றதும் மூடியைத் திறந்துவிட்டார்கள், தம்பி தொட்டுப் பார்க்கட்டும் என்று. நெற்றியில் கையை வைத்தார். பக்கத்தில் சித்தி மகள் ஒருத்தி கையை வைத்துவிட்டு, ஐயோ, ஐஸ்கட்டி மாதிரி இருக்காவளே எங்க அண்ணன், என்று உடனே எடுத்துக்கொண்டாள். இவர் வைத்தது வைத்தபடி நின்றார். ஒன்றும் இல்லை. குளிரவும் இல்லை, சுடவும் இல்லை. மேஜை மேல் கை வைத்த மாதிரி இருந்தது. தன்னைச் சைக்கிள் கம்பியில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போன மனிதனின் நெற்றி. கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். அங்கேயும் மேஜைதான். கொழுந்தன் கல்லு மாதிரில்லா நிக்காரு என்று மதினி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. கல்தான். அன்றைக்கு அது விரல்தானா, இல்லை இவரேதானா? விரல் முதலில் செத்து அது மெல்ல உள்ளே ஏறியதா, உள்ளே முதலில் செத்து விரல் நுனியில் வந்து நிற்கிறதா? டாக்டரின் இழை இதற்குப் பதில் சொல்லாது. அடக்கம் முடிந்து திரும்பிய வாரமே மன்சூரோடு வாதிக்குப் போனார். குளத்தில் குதித்தபோது தண்ணீர் நெஞ்சில் அறைந்தது. மூச்சு நின்று திரும்பி வந்தது. அது போதுமாக இருந்தது. அதற்காகத்தான் போகிறார். மாதத்தில் ஒரு தடவை அந்தப் பச்சைத் தண்ணீர் நெஞ்சில் அறைய வேண்டும். இதை மன்சூரிடம் சொன்னால் மன்சூர் அந்த நிமிஷமே கயிற்றை வாங்கி வைத்துக்கொள்வான். அது நியாயம். அப்புறம் இவருக்கு என்ன இருக்கிறது?

ஹெலன் காபியைக் கொண்டுவந்து காலண்டர் தாளின் ஓரத்தில் வைத்தாள். "வெறும் வயித்துல மலைய வரஞ்சிக்கிட்டு இருக்காதீங்க. ராத்திரிக்கு இடியாப்பம் போடுதேன், காலைல கொண்டு போறதுக்கும் அதான்." டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். வெதுவெதுப்பு. இதுவும் இப்படி ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் அவளுடைய காபி தொண்டையைப் பொசுக்கிக்கொண்டு இறங்கும். இப்போது கொஞ்ச காலமாக எல்லாமே இப்படி வெதுவெதுவென்று, குழந்தைக்குக் கொடுக்கிற பால் மாதிரி. விரலில் தொடங்கியது நாக்குக்கும் வந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார். அதைப் பற்றி டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டு என்ன, அடுத்து எது என்று தெரிந்துகொள்ளவா. "காபி நல்லா இருக்கு" என்றார். அவள் ஒரு நிமிஷம் நின்று அவருடைய கையையே பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மன்சூர் கூப்பிட்டான். காயல்பட்டணத்துக்காரன், ரூவிக் கடைத்தெருவில் வண்டி உதிரிப்பாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். "அண்ணாச்சி, மூட்ட கட்டியாச்சா?" "கட்டிக்கிட்டு இருக்கேன்." "மேகம்?" "இல்ல." "என்ன, இழவு வீட்டுல சொல்லுத மாதிரி சொல்றிய. மேகம் இல்லன்னா சந்தோசப்படணும்." "சந்தோசந்தான்." "நல்லா இருக்கு உங்க சந்தோசம். கேளுங்க, என் பொண்டாட்டி சொல்லிட்டா, இந்தத் தடவ கால ஒடச்சிக்கிட்டு வந்தா வாசல்லயே போட்டு வச்சிருவாளாம். நான் சொன்னேன், எனக்கு மேல நிக்கிறது யாரு, குணசீலன் அண்ணாச்சிடி, அவுக கை பட்ட முடிச்ச எமனே வந்தாலும் அவுக்க முடியாதுன்னு." மன்சூர், என் கை, என்று இவர் ஆரம்பித்தார். அந்த இரண்டு சொல்லும் நிஜமாகவே வாயிலிருந்து வந்தன. "என்ன, கையா? கையுறைதான? இருக்கு இருக்கு, புதுசாவே ரெண்டு ஜோடி கடைல இருந்து எடுத்து வச்சிட்டேன். விடிய சுபுஹு தொழுதுட்டு நேரா உங்க வீட்டுக்கு வண்டி வந்துரும், ஹெலன் மதினிட்ட இடியாப்பத்த மறந்துறாதியன்னு சொல்லுங்க." வைத்துவிட்டான். அடுத்த சொல் வாய்க்குள்ளேயே இருந்தது. அதைப் பேரீச்சங்கொட்டை மாதிரி கொஞ்ச நேரம் இந்தக் கன்னத்திலும் அந்தக் கன்னத்திலுமாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு காபியோடு விழுங்கினார்.

வெளியே அஸர் தொழுகை நேரத்து வெயில் மஞ்சளாகி எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள் மேல் இறங்கியிருந்தது. இனி செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. ஒவ்வொரு வாதிக்கும் முந்தின சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை மாட்டிப் பார்ப்பார். ஹாலில், சபையில் கொடுத்த வசனக் காலண்டர் தொங்குகிற ஆணி வெறும் ஆணி இல்லை. மாட்டைக் கட்டித் தொங்கவிடலாம் என்கிற அளவுக்கு அவரே துளை போட்டு இறக்கிய போல்ட். ஹெலன் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள், எங்க வீட்டுக் காலண்டர் மட்டும் கடைசி நியாயத்தீர்ப்பு அன்னிக்கும் கீழ விழாது என்று. காலண்டரைக் கழற்றி சோபாவில் வைத்தார். வளையத்தை மாட்டினார், கயிற்றை நுழைத்தார், முடிச்சு போட்டார். முடிச்சு அழகாக வந்தது, கண் பார்த்துக்கொண்டிருந்ததால். இடுப்புக் கச்சையைப் பூட்டினார். அதில் எட்டு மாதிரி வளைந்த இறங்கு கருவி தொங்கியது, அதன் பெயரே எட்டுதான். சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். கண்ணை மூடினார். மூடியதும் ஹால் போய்விட்டது. மூன்றாவது இறக்கத்தின் இருட்டும் இல்லை. சும்மா ஒரு வெற்று. போன மாதம் இதேபோல் நின்றபோது வலது கை பின்னால் போனது, ஒரு புரியைப் பிடித்தது, தடவியது, வழவழப்பு என்று முடிவு செய்தது. யார் முடிவு செய்தது? இப்போது யோசித்தால் வழவழப்பு என்று எதுவும் தெரிந்த ஞாபகம் இல்லை. சொரசொரப்பு தெரியவில்லை, அதனால் வழவழப்பு. அப்படித்தான் செய்திருக்கிறார். தெரியாததை எல்லாம் வழவழப்பு என்று எழுதிக்கொண்டிருக்கிறார். அண்ணனின் நெற்றியும் அப்படித்தான், குளிர் தெரியவில்லை, அதனால் துக்கம் இல்லை. இந்தக் கணக்கில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது, அதை விரலால் அடைக்கலாம் என்றால் விரல் இல்லை. போதும். கையைப் பின்னால் விட்டார். ஒரு புரி கிடைத்தது. மேலே தடவினார், கீழே தடவினார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தி உருட்டினார். தூரத்தில், வேறு வீட்டில், யாரோ எதையோ உருட்டுகிற மாதிரி இருந்தது. வழவழப்புத்தான் என்றார் மனசுக்குள். அழுத்திக் கேட்டால் ஆமாம் என்கிற சாட்சி மாதிரி விரல்களும் ஆமாம் என்றன. புரியை முன்னால் கொண்டுவந்து எட்டில் கோத்துக் கொக்கியைப் பூட்டினார். கிளிக் என்று கேட்டது. காது நன்றாக இருக்கிறது. நாளைக்கு இந்த இடத்தில், மன்சூர் கீழே நின்றுகொண்டு, அண்ணாச்சி வாங்க, என்று கத்துவான், தேன்மொழி இஞ்சி மிட்டாயை மென்றுகொண்டு அண்ணாந்து பார்ப்பாள். வார் கழற்றியாயிற்று. இனி உட்கார வேண்டியதுதான். முழங்காலை மடக்கிப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

கயிறு வளையத்துக்குள் சரசரவென்று ஓடியது. எந்தத் தடையும் இல்லாமல், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஓடியது. இடுப்பெலும்பு டைல்ஸில் இடித்தது, தலை சோபாவின் கைப்பிடியில் பட்டுத் தப்பியது, முடிச்சு கூடவே வந்து மடியில் விழுந்தது. கண்ணைத் திறந்தார். மடியில் கிடந்த முடிச்சுக்கு ஒரு சாண் கீழே, மத்ரா சந்தையின் வலை நூல், மெழுகு பளபளக்க, ஒரு குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்படி இருந்தது. அதை விரலால் தடவினார். பார்த்துக்கொண்டே தடவினார். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சத்தம்?" ஹெலன் இடியாப்ப மாவு ஒட்டிய கையோடு வந்து நின்றாள். "விழுந்திட்டியளா?"

"இல்ல. உக்காந்தேன்."

"உக்காருததுக்கு இவ்வளவு சத்தமா?" பக்கத்தில் குனிந்தாள். அவரைத் தூக்கவில்லை. அவர் மடியிலிருந்து கயிற்றை எடுத்து, மாவு படாத புறங்கையால் நூல் சுற்றிய இடத்தைத் தடவினாள். "இது சொரசொரன்னுல்லா இருக்கு. இது இழுக்குத பக்கம். நீங்கதான எனக்குச் சொல்லித் தந்திய."

"கவனிக்கல."

"கவனிக்கலியா, தெரியலியா?"

அவர் கச்சையிலிருந்து எட்டைக் கழற்றினார். அவள் எழுந்து போகவில்லை, தரையிலேயே எதிரில் உட்கார்ந்தாள். சமையலறையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணன் அடக்கத்துக்குப் போயிட்டு வந்த மறுநாள்" என்றாள், "அடுப்புல இருந்து எறக்குன டம்ளர அப்படியே கைல வச்சிக்கிட்டு பேப்பர் படிச்சிய. நான் பாத்துக்கிட்டே நின்னேன். வெரல் செவந்து போச்சு. நீங்க பக்கத்தத் திருப்புதிய. அன்னைல இருந்து காபிய நாலு ஆத்து ஆத்தித்தான் தாரேன். கேட்டா எரிஞ்சி விழுவியன்னு சொல்லல."

"ஆத்தியா?"

"பொறவு? கொதிக்கக் கொதிக்கக் குடுத்து கை வெந்து போவவா?"

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. "காபி ஆறியா இருந்துச்சு?" என்று மறுபடி கேட்டார். "நெசமாவே ஆறிதான் இருந்துச்சா?"

"இது என்ன கேள்வி. ஆறுன காபி ஆறித்தான் இருக்கும்."

"நான் நாக்கும் போச்சுன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

ஹெலன் அவரையே பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று தோன்றியது, சிரிக்கவில்லை. மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மன்சூர் தம்பிக்கு நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்லுதேன்."

தரையில் உட்கார்ந்தபடியே போட்டார். மன்சூரின் பின்னால் ஹாரன்கள் கேட்டன. "அண்ணாச்சி, மறுபடியும் மேகமா?"

"வண்டிய ஓரமா நிறுத்து."

"நிறுத்திட்டேன். சொல்லுங்க."

"நாளைக்கு நான் கடைசி ஆள் இல்ல."

"சரி, நடுவுல வாங்க. டீச்சரையா கடைசியா விடப் போறிய?"

"நடுவுலயும் இல்ல. எனக்கு ரெண்டு கை வெரலும் மரத்துப் போச்சுப்பா. ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. இப்ப வீட்ல கண்ண மூடி மாட்டிப் பாத்தேன். இழுக்குத பக்கத்துல மாட்டி உக்காந்துட்டேன்."

போனில் யாரோ மன்சூரை அரபியில் நகரச் சொன்னார்கள்.

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல. ஹால்லதான்."

"போன மாசம் மூணாவது எறக்கத்துல" என்றான் மன்சூர். குரலில் இப்போது விளையாட்டு எதுவும் இல்லை. "எனக்கும் நீங்கதான தடவிப் பாத்துச் சொன்னிய. வழவழன்னு இருக்கு, எறங்குன்னு."

"ஆமா."

"அப்ப தெரிஞ்சுச்சா?"

இதற்கு ஒரு பொய் இருந்தது. அது மிகவும் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில் இருந்தது. "இல்ல" என்றார். "சரியாத்தான் மாட்டியிருந்த. ஆனா வெரலுக்குத் தெரிஞ்சு நான் சொல்லல."

மன்சூர் வண்டியின் இன்ஜினை அணைத்தது கேட்டது. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் போன வாரம்தான் குர்ஆன் ஓதி முடித்ததாக ஓட்டுமாவுப் பலகாரம் கொடுத்தனுப்பியிருந்தான். "டீச்சர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றான் கடைசியில். "நான் அப்பறம் கூப்பிடுதேன், அண்ணாச்சி." எப்போது கூப்பிடுவான் என்று சொல்லவில்லை. கூப்பிடாமலும் போகலாம். போனைக் கீழே வைத்தபோது குணசீலன் தன்னுள்ளே ஏதாவது அறுந்ததா, லேசானதா என்று வழக்கம்போலத் தேடிப் பார்த்தார். கயிறு உருவி விழுந்த பிறகு வாதிக்குள் வருகிற அந்த அமைதி மட்டும் இருந்தது. மேலே ஏற வழி இல்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, அந்தப் பச்சைத் தண்ணீர் அவர் இல்லாமல் அங்கேயே கிடக்கும். அடுத்த மாதமும் கிடக்கும்.

ஹெலன் வந்து டம்ளரை அவர் முன்னால் தரையில் வைத்தாள். கைக்குட்டையை மடித்து அதைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஆவி நேராக எழுந்தது. "ஆத்தல" என்றாள். "பாத்துக் குடிங்க." அவர் துணியோடு சேர்த்துத் தூக்கினார். கைக்கு வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாய் வைத்தார். நாக்கு சுருக்கென்று பொசுங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அது சூட்டினால் வந்த தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை. குடிக்காமல் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணிக்கு மேலே தெரிந்த வெறும் எவர்சில்வர் விளிம்பை மெல்லக் கொண்டுபோய்க் கன்னத்தில் வைத்தார். சுட்டது. எடுக்கவில்லை. கன்னத்துக்குத் தெரிகிறது. கன்னம் அன்றைக்கும் இருந்தது, நாசரேத்தில், பந்தலுக்குக் கீழே, மூடி திறந்திருந்த அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில். கையை வைத்திருக்கக் கூடாது. குனிந்து கன்னத்தை வைத்திருக்க வேண்டும்.